நல்ல தண்ணீர்க் காய்ச்சல்

காய்ச்சல் செய்தி எடுக்கப் போகும் நிருபருக்கு நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: சாக்கடையைப் படம் எடுத்துக்கொண்டு வராதீர்கள். வேறு படம் கிடைக்கவில்லை என்றால் படம் இல்லாமலே வாருங்கள். இதை நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்பதை எழுதுகிறேன். அதில் என் தவறுகள் இரண்டு. முதல் தவறு அச்சில் வந்தது, ஊரே படித்தது. இரண்டாவது எந்தப் பக்கத்திலும் வரவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கோவையிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு நாளிதழில் நான் நிருபர். பல்லடம் பக்கம் என் பொறுப்பு. ஒருநாள் காலை எங்கள் முகவர் போன் செய்தார். ஓர் ஊரில் காய்ச்சலில் ஒரு பையன் இறந்துவிட்டான், இன்னும் பலர் படுத்திருக்கிறார்கள் என்றார். புகைப்படக்காரரை அழைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பல்லடத்திலிருந்து தெற்கே அரை மணி நேரப் பயணம். ஊரின் முன்பக்கம் சொந்த நிலம் உள்ள தோட்டக்காரர்களின் மெத்தை வீடுகளும், அதாவது மாடி வீடுகளும், அவர்கள் வைத்திருந்த விசைத்தறிப் பட்டறைகளும். பின்பக்கம், ஒரு பள்ளத்தைத் தாண்டிக் காலனி. நாற்பது வீடுகள், ஒரு சின்னச் சர்ச், ஒரு மாகாளியம்மன் மேடை. அங்கிருந்தவர்கள் முன்பு தோட்டவேலை செய்தவர்கள். அப்போது ஆண்கள் தறி ஓட்டினார்கள். பெண்கள் தார் சுற்றினார்கள், அதாவது தறியில் குறுக்கே ஓடும் நூலைச் சிறு குச்சிகளில் சுற்றித் தந்தார்கள். இறந்த பையன் காலனிக்காரன்.

பள்ளத்தில் சாக்கடை தேங்கி நின்றது. இரண்டு பன்றிகள் அதில் படுத்திருந்தன. புகைப்படக்காரர் கேமராவைத் திறந்தார்.

"வேற ஏதாவது எடுக்கலாமே" என்றேன்.

"கொசுவை வரிசையா நிக்கவெச்சு எடுக்க முடியுமுங்களா? இதுதானுங்க படம்" என்றார்.

ஊரின் பெரிய பட்டறை முதலாளி எங்களுக்கு மோர் கொடுத்தார். மரியாதையான மனிதர். "நீங்களே பாத்துட்டுத்தானுங்களே வாரீங்க. இந்தப் பக்கம் ஒரு ஊட்டுலயாவது காச்சல் இருக்குதுங்களா? நாங்க சொல்றதுக்கு என்னங்க இருக்குது" என்றார். அவர் எதையும் சொல்லவில்லை என்பது உண்மை. சொல்லாமலே எனக்குப் புரிய வைத்தார்.

மறுநாள் மூன்றாம் பக்கத்தில் செய்தி வந்தது. தலைப்பு 'மர்மக் காய்ச்சல்'. படத்தின் கீழே நான் எழுதிக்கொடுத்த வரி: 'காய்ச்சல் பரவக் காரணமான சாக்கடை'. காரணம் தெரியவில்லை என்று தலைப்பில் சொல்லிவிட்டு, காரணம் இன்னது என்று படத்தின் கீழ் சொல்லியிருந்தேன். அலுவலகத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. நானும் கவனிக்கவில்லை. படம் நன்றாக வந்திருக்கிறது என்று இரண்டு பேர் பாராட்டினார்கள்.

ஒரு வாரம் கழித்து அலுவலகத்துக்கு ஒருவர் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். வெயிலில் காய்ந்த முகம். கையில் எங்கள் பத்திரிகை, அந்தப் பக்கம் மட்டும் மேலே தெரியும்படி மடித்திருந்தது. அந்த வட்டாரத்தின் சுகாதார ஆய்வாளர் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார்.

"ஏனுங்க, இந்தப் படத்துக்குக் கீழ எழுதினது யாருங்க?"

நான்தான் என்றேன். சண்டை போட வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

"மர்மமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. ரத்தம் பாத்தாச்சு. மலேரியா. சாக்கடையில மொய்க்கிற கொசுவுக்கு அதைப் பரப்பத் தெரியாதுங்க. இது நல்ல தண்ணிக் கொசு. தொட்டி, கிணறு, மூடாத டேங்க்கு, அங்கதான் முட்டை வெக்கும். ஆனா அதைச் சொல்றதுக்கு நான் பஸ்ஸேறி வரலீங்க."

"பின்னே?"

"உங்க பேப்பர் வந்த அன்னைக்கே பட்டறைக்காரங்க கூடிப் பேசிப்போட்டாங்க. காலனியில காச்சல்காரங்க யாரும் தறிக்கு வரக்கூடாதுன்னு. இப்ப நான் ரத்தம் எடுக்கப் போனா கதவைச் சாத்திக்கறாங்க. போன வாரம் வரைக்கும் அவங்களே கூப்புட்டு விரலை நீட்டினாங்க. இன்னைக்கு அந்தத் தெருவுல ஒருத்தருக்கும் காச்சல் இல்லையாமா."

எனக்கு விஷயம் முழுதாகப் பிடிபடவில்லை. அதை என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

"கொசு பொறக்கறப்பவே கிருமியோட பொறக்கறதில்லீங்க. பொட்டைக் கொசு காச்சல்காரனைக் கடிக்குது. ரத்தத்தோட கிருமியும் உள்ள போகுது. உடனே அடுத்தவனுக்குக் குடுக்காது. பத்துப் பன்னெண்டு நாள் அதோட வயித்துல இருந்து வளந்து, எச்சிலுக்கு வந்து சேரணும். அப்பறம்தான் கடிக்கறப்ப எறங்கும். மனுசன்கிட்ட இருந்து எடுத்து மனுசனுக்கே குடுக்குது. நடுவுல அது ஒரு தபால்காரன். நான் மருந்தடிக்கறது கொசுவுக்கு. ஆனா தேடறது மனுசனைங்க. அவன் ஒளிஞ்சுக்கிட்டா நான் எங்க போவேன்?"

அவர் குரலை உயர்த்தவே இல்லை. என் செய்தியால் என்ன நடந்தது என்பதை இத்தனை சுருக்கமாக எனக்கு யாரும் சொன்னதில்லை. மக்கள் காய்ச்சலை மறைத்தார்கள். மறைத்த ஒவ்வொருவரிடமிருந்தும் கொசுக்கள் கிருமியை எடுத்துக்கொண்டிருந்தன.

மறுநாள் அவரோடு அந்த ஊருக்குப் போனேன். நேராகப் பெரிய பட்டறைக்கு அழைத்துப் போனார். அந்தப் பக்கத்தில் குழாய்த் தண்ணீர் பல நாட்களுக்கு ஒரு முறைதான் வரும். லாரித் தண்ணீர் வாங்கித் தொட்டியில் நிரப்பி வைத்துக்கொள்வார்கள். பட்டறையின் பின்சுவரை ஒட்டி ஆள் உயரத்துக்குச் சிமெண்டுத் தொட்டி இருந்தது. லாரிக் குழாய் விடுவதற்கு வசதியாக மூடியை எடுத்துச் சுவரில் சாத்தியிருந்தார்கள். பச்சைப் பாசிகூட இல்லை. தொட்டியின் அடிவரை தெரிந்தது.

முதலாளிக்குக் கோபம் வந்தது. அதிலும் 'ங்க' குறையவில்லை. "ஏனுங்க சார், இது நாங்க குடிக்கிற தண்ணிங்க. என்ற பசங்க குடிக்கறாங்க. சாக்கடையை உட்டுப்போட்டு இங்க வந்து எட்டிப் பாக்கறீங்களே!" ஒரு டம்ளரில் மொண்டு எங்கள் எதிரிலேயே குடித்தார்.

"குடிக்கறதுனால ஒண்ணும் வராதுங்க" என்றார் ஆய்வாளர். ஒரு வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தை நீர்மட்டத்தில் சாய்த்து மொண்டு முதலாளியிடம் நீட்டினார். "சித்தெ ஆட்டாம புடிங்க."

தண்ணீர் அடங்கியதும் தெரிந்தது. மெல்லிய இழைத்துண்டுகள் போலப் புழுக்கள். நீர்ப்பரப்போடு ஒட்டிப் படுத்துக் கிடந்தன. "சாக்கடைக் கொசுவோட புழு தலைகீழாத் தொங்குமுங்க. இது படுத்திருக்கும். எங்களுக்கு இந்த ஒரு அடையாளம் போதும்" என்றார். முதலாளி கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதைத் தரையில் வைத்தார். நீட்டியவரிடம் திருப்பிக் கொடுக்கவில்லை.

"மூடி போட்டுக்கறனுங்க" என்றார்.

"மருந்து ஊத்தணும். வலை கட்டணும். பக்கத்துத் தொட்டி, மொட்டைமாடி டேங்க்கு, எல்லாத்தையும் பாக்கணும்."

அவர்கள் பேசிக்கொண்டு தொட்டியின் மறுபக்கம் போனார்கள். நான் பட்டறைக்குள் நுழைந்தேன். என் இரண்டாவது தவறு அங்கே நடந்தது.

விசைத்தறி ஓடும் கூடத்துக்குள் நீங்கள் போயிருந்தால் தெரியும். அங்கே யாரும் வாயால் பேசுவதில்லை. பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. கையாலும் கண்ணாலும் புருவத்தாலும் பேசிக்கொள்வார்கள். பழகியவர்கள் அப்படியே சண்டை போடுவார்கள், கேலி செய்வார்கள். நான் உள்ளே போனதும் ஓர் இளைஞன் என்னைப் பார்த்துக் கேமரா பிடிப்பதுபோல் கையை வைத்து, பிறகு மூக்கைப் பொத்திக் காட்டினான். சாக்கடைப் படம் எடுத்த ஆள் என்று எல்லோருக்கும் தெரிந்துபோனது. ஒரு பெண் சிரித்தாள். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

கடைசி வரிசையில் முப்பது வயதுக்காரர் ஒருவர் நான்கு தறிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூடத்துக்குள் வெயில் காலத்துப் புழுக்கம். எல்லோரும் பனியனோடு நிற்க, அவர் முழுக்கைச் சட்டையின் கழுத்துப் பித்தானைப் போட்டிருந்தார். ஒரு தறியில் இழை அறுந்தது. முடிச்சுப் போடக் குனிந்தார். விரல்கள் ஆடின. இழை நழுவியது. மறுபடி எடுத்தார். மூன்றாவது முறையும் நழுவியது. அப்போது ஓரத்தில் தார் சுற்றிக்கொண்டிருந்த ஒரு பெண் எழுந்து வந்தாள். அவரைப் பார்க்காமலே அந்த இழையை முடிந்தாள். திரும்பும்போது என்னைப் பார்த்தாள். நான் பார்த்துவிட்டதை அவள் பார்த்தாள்.

அவள் தலையை அசைத்தாள். ஒரே ஒரு முறை. வேண்டாம்.

அந்தக் கூடத்தில் அதற்கு மேல் தெளிவாக யாரும் எதையும் சொல்ல முடியாது. நானும் தலையசைத்தேன். சரி என்று.

அவள் பெயர் ஸ்டெல்லா, அவர் அவளுடைய கணவர் அந்தோணி என்பது பிறகுதான் தெரிந்தது.

வெளியே வந்தபோது ஆய்வாளர் தொட்டியில் மருந்தை அளந்து ஊற்றிக்கொண்டிருந்தார். முதலாளி பக்கத்தில் நின்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பஸ் நிறுத்தத்தில் நானும் ஆய்வாளரும் மட்டும் பத்து நிமிடம் நின்றோம். அப்போதும் சொல்லவில்லை. சொன்னால் அவர் நேராகப் பட்டறைக்குப் போவார், அந்த மனிதனின் வேலை போகும் என்று நினைத்தேன். ஒருவர் வெளியிட வேண்டாம் என்று கேட்டால் வெளியிடாமல் இருப்பது நம் தொழிலின் மரியாதை. அந்த மரியாதையைக் காப்பாற்றுவதாக எண்ணிக்கொண்டேன். இன்னொன்றும் இருந்தது. மாலைக்குள் செய்தி எழுத வேண்டும். தலைக்குள் முதல் பத்தி ஓடிக்கொண்டிருந்தது. பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

அலுவலகத்தில் செய்தி ஆசிரியரிடம் கிண்ணத்தில் பார்த்ததைச் சொன்னேன். நாம் போட்ட படம் தவறு, அதைச் செய்தியிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நம்ம படம் தப்புன்னு நம்ம பேப்பர்லயே போடறதா?"

"ஆமாங்க."

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "சரி, போடு. ஆனா முதல் வரியில போடு. கடைசி வரியில போட்டா ஒளிச்சு வெச்ச மாதிரி இருக்கும்."

அப்படியே எழுதினேன். பட்டறையின் பெயரையோ முதலாளியின் பெயரையோ எழுதவில்லை. பெயர் வந்தால் மற்ற முதலாளிகள் ஆய்வாளரைத் தங்கள் தொட்டிப் பக்கம் விடமாட்டார்கள். அது சரியான முடிவுதான். செய்தி காலையில் வந்தது. என் கடன் தீர்ந்தது என்ற நிம்மதியோடு தேநீர் குடித்தேன்.

அந்த நிம்மதி அன்று முழுக்க நிற்கவில்லை. மூன்று முறை நழுவிய இழை கண்ணுக்குள் வந்துகொண்டிருந்தது. பகல் பன்னிரண்டு மணிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போன் செய்தேன். ஆய்வாளர் வேறோர் ஊருக்கு முகாம் போயிருந்தார். எடுத்தவரிடம், பெரிய பட்டறையில் கடைசி வரிசையில் தறி ஓட்டுகிறவரைப் பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். செய்தி மாலையில்தான் அவருக்குக் கிடைத்தது. ஆள் யாரென்று விசாரித்து உடனே காலனிக்குப் போயிருக்கிறார். வீடு பூட்டியிருந்தது.

அன்று பிற்பகலே அந்தோணி தறிக்குப் பக்கத்திலேயே விழுந்துவிட்டார். முதலாளியே தன் காரில் போட்டுக்கொண்டு கோவை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். வழியெல்லாம் அந்தோணி யார் யாரையோ கூப்பிட்டுப் பேசினாராம். மலேரியாவில் ஒரு வகை மூளையைத் தாக்கும். மூன்றாம் நாள் இறந்துபோனார்.

அடக்கம் முடிந்த மறுநாள் அந்த ஊருக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று எனக்கே தெரியாது. காலனி முகப்பில் ஆய்வாளர் ரத்தம் எடுக்கும் பெட்டியோடு ஒரு வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே போகவில்லை. "துக்க ஊட்டுல ஊசியோட போயி நிக்கறதுக்குச் சங்கடமா இருக்குதுங்க" என்றார்.

நான் பட்டறைக்குள் பார்த்ததை, அவள் தலையசைத்ததை, பஸ் நிறுத்தத்தில் பேசாமல் நின்றதை எல்லாம் சொன்னேன். முழுவதும் கேட்டார்.

"எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் பட்டறைக்குப் போயிருக்க மாட்டனுங்க" என்றார். "ஊட்டுக்குப் போயிருப்பேன். மொதலாளிக்குத் தெரியாம மாத்திரை குடுக்க எனக்கு வழி இல்லாமயாங்க? இருபது வருசமா இந்த வேலைதான் பாக்கறேன்."

அவரிடம் வழி இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எழுதுவது, எழுதாமல் இருப்பது என்ற இரண்டுக்குள்தான் என் புத்தி வேலை செய்தது. இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். ஒரு செய்தியை அச்சில் போடாமல் வைத்துக்கொள்ளலாம். உயிர் சம்பந்தப்பட்டது என்றால், தெரிய வேண்டிய ஒருவரிடம் அதைச் சொல்லாமல் வைத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை இல்லை. யாரிடம் சொல்வது என்று யோசிப்பதுதான் அங்கே வேலை.

ஸ்டெல்லா எங்களைப் பார்த்துவிட்டாள். வாசலில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து வந்தாள். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன்.

"ஒரு நாள் விட்டு ஒரு நாள் நல்லாத்தானுங்க இருந்தாரு" என்றாள். "நல்லா இருந்த அன்னைக்குச் சோறெல்லாம் சாப்புட்டாருங்க. வேலை போயிட்டா புள்ளைங்களுக்கு என்ன பண்றதுன்னுதான் சொல்லல. நாந்தானுங்களே உங்களைச் சொல்ல வேண்டாம்னு தலையாட்டுனேன்."

"நானும் பார்த்தேன் அம்மணி. நான் சொல்லியிருக்கணும்" என்றேன்.

அவள் ஆய்வாளரிடம் இடது கையை நீட்டினாள். "எடுங்க சார்."

"காச்சல் இருக்குதாம்மிணி?"

"இல்லீங்க. எடுங்க."

அவர் விரலைத் துடைத்துக் குத்தினார். அவள் அங்கேயே நின்றபடி தெருவைப் பார்த்துக் கூப்பிட ஆரம்பித்தாள். "மேரியக்கா, வா. உன்ற மவனையும் கூட்டிட்டு வா, அவன் நேத்தெல்லாம் கம்பளியைப் போத்திட்டுக் கெடந்தான். மாரப்பண்ணா, நீயும்தான். ஒளியாத. உனக்கு ரெண்டு வாரமா காச்சல்னு எனக்குத் தெரியாதா?"

மாரப்பன் என்பவர் திண்டாடிப்போய்க் கதவு மறைவில் நின்றார். "அம்மிணி, தறிக்குப் போகணுமுல்ல" என்றார் மெல்ல.

"அவரும் தறிக்குத்தான் போனாரு" என்றாள்.

பிறகு மாரப்பன் வெளியே வந்தார். அவருக்குப் பின்னால் மேரி. யாருக்குக் காய்ச்சல், எத்தனை நாளாக என்பது ஸ்டெல்லாவுக்குத் தெரிந்திருந்தது. அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வெளியில் சொல்லாமல் இருந்தார்கள், அவ்வளவுதான். காய்ச்சல் இருந்தவர்களுக்கு ஆய்வாளர் முதல் வேளை மாத்திரையை அங்கேயே விழுங்க வைத்தார். முதலாளியும் ஒரு மணி நேரம் கழித்து வந்தார். எனக்குத் தெரிந்து அந்தத் தெருவுக்குள் அவர் வந்தது அப்போதுதான். யாரையும் நேராகப் பார்க்காமல், காய்ச்சலுக்காக யாரையும் நிறுத்த மாட்டோம் என்று பொதுவாகச் சொன்னார். பிறகு தன் விரலையும் நீட்டினார். அன்று மாலை முன்பக்கத்து வீடுகளிலும் ஆய்வாளர் ரத்தம் எடுத்தார்.

என் குறிப்பேடு சட்டைப்பையில் இருந்தது. அன்று அதை வெளியே எடுக்கவில்லை.

நான்கு நாள் கழித்து முடிவுகள் வந்தன. ஆய்வாளர் என்னையும் வரச் சொல்லியிருந்தார். முன்பக்கத்து மெத்தை வீடுகளிலும் கிருமி இருந்தது, பின்பக்கத்துக் காலனியிலும் இருந்தது. ஸ்டெல்லாவுக்கும் இருந்தது. காய்ச்சல் இன்னும் வெளியே வரவில்லை.

அவர் ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்து மாத்திரைகளை அவள் உள்ளங்கையில் கொட்டினார். இன்றைக்கு எத்தனை, நாளைக்கு எத்தனை, மறுநாள் எத்தனை என்று தனித்தனியாக ஒதுக்கிக் காட்டினார். அவள் கையை மூடவில்லை. மாத்திரைகளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"மொதல் நாளே இதைப் போட்டிருந்தா அவரு பொழச்சிருப்பாருங்களா?"

நான் ஆய்வாளரின் முகத்தைப் பார்த்தேன். ஏதாவது ஆறுதலாகச் சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"பொழச்சிருப்பாருங்க அம்மிணி" என்றார்.

"இவ்வளவுதானுங்களா மாத்திரை?"

"இவ்வளவுதானுங்க."

அவள் அன்றைக்குரியதை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.